குரூப் கிளாஸில் வாசிக்கிறான், வீட்டில் தொடுவதே இல்லை

கேள்வி
பையனுக்கு ஆறு வயது. எட்டுப் பிள்ளைகள் இருக்கும் குரூப் கிளாஸில் வயலின் கற்கிறான். சேர்த்து ஐந்து மாதம் ஆகிறது. வகுப்புக்குக் குஷியாகத்தான் போகிறான். ஆனால் வீட்டுக்கு வந்தால் பெட்டியைத் திறப்பதுகூட இல்லை, திட்டினால் அழுகிறான். குரூப் என்றாலே விளையாட்டுத்தான், தனி வகுப்பில் போட்டால்தான் உருப்படுவான் என்கிறார் கணவர். மாற்றிவிடலாமா?

மார்ச் 3
மாற்றாதீர்கள். நான் பதினோரு வருடமாக ஐந்திலிருந்து எட்டு வயது வரை உள்ள பிள்ளைகளுக்குக் கூட்டமாகத்தான் வயலின் சொல்லித் தருகிறேன், அதனால் என் பேச்சில் கொஞ்சம் சுயநலம் இருக்கும், கழித்துக்கொண்டு படியுங்கள். "குஷியாகப் போகிறான்" என்று ஒரு வரியில் தாண்டிவிட்டீர்களே, உங்கள் கையில் இருக்கும் முதல் அதுதான். தனி வகுப்பில் அந்த வயதுப் பிள்ளைக்குத் தெரிவது ஒரு பெரியவரும் தன் தப்பும் மட்டும்தான். கூட்டத்தில் தன்னைவிட அரை அடி முன்னால் போகிற இன்னொரு பிள்ளை தெரியும். வில்லைப் பிடிக்கும்போது கட்டைவிரலை விறைப்பாக நீட்டிக்கொண்டே இருந்த ஒரு பையனிடம் மூன்று வாரம் "மடக்கு, மடக்கு" என்று சொல்லிப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற பெண் ஒரு நாள் எரிச்சலாகி, "இப்படிடா" என்று தன் விரலைக் காட்டினாள். மடங்கிவிட்டது. மூன்று வாரச் சம்பளத்தை அவளுக்குத்தான் கொடுத்திருக்க வேண்டும்.

வீட்டில் தினம் இருபது நிமிடம், ஒரே நேரத்தில், உட்கார வையுங்கள். பழகிவிடும். ஜப்பானில் சுசுகி என்ற வயலின் ஆசிரியர் கூட்ட வகுப்பை வைத்தே ஆயிரக்கணக்கான பிள்ளைகளை வாசிக்க வைக்கவில்லையா?

மார்ச் 3, கொஞ்சம் கழித்து
கணவரிடம் இதையும் சொல்லுங்கள்: விளையாட்டுத்தான், மறுக்கவில்லை. ஆறு வயதில் வேறு என்னவாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறார்?

மார்ச் 5
மேலே இருபது நிமிடம் என்று எழுதினேன் இல்லையா. இங்கே ஒருவர் ஒரே வரியில் மடக்கிவிட்டார்: "உங்கள் வீட்டில் இருபது நிமிடம் நடக்கிறதா?"

நடக்கவில்லை. என் மகளுக்கு ஏழு வயது. நான் சொல்லித் தந்தால் சண்டை வருகிறது என்று வேறொரு டீச்சரிடம் அனுப்புகிறேன். ஊரார் பிள்ளைகளுக்கு அட்டவணை போட்டுக் கொடுக்கும் நான், என் வீட்டில் ஒவ்வொரு மாலையும் கெஞ்சிக்கொண்டிருந்தேன். போன வருடம் ஒரு நாள் அவள் என்னதான் செய்கிறாள் என்று வாய் திறக்காமல் பார்த்தேன். அலமாரியைத் திறந்தாள். பெட்டி எட்டவில்லை, நாற்காலி இழுத்துப் போட்டாள். இரண்டு கொக்கியில் ஒன்று இறுக்கம், என்னைக் கூப்பிட்டாள். வில்லை முறுக்கினாள். வில்லில் தேய்க்கும் ரோசின் கட்டியைத் தேடினாள், கட்டிலுக்கு அடியில் இருந்தது. தோளில் வைக்கும் பஞ்சு நழுவியது. இத்தனையும் முடிந்து முதல் ஸ்வரம் கேட்பதற்குள் ஒன்பது நிமிடம். அதற்குள் அவளுக்குப் போதும் என்று ஆகிவிட்டது, எனக்கும்தான்.

மறுநாளே சுவரில் அவள் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு கொக்கி அடித்தேன். வயலின் அங்கே தொங்கும். வில்லைத் தளர்த்துவது, முறுக்குவது, ரோசின் தேய்ப்பது எல்லாம் என் வேலை. வெயில் படாத சுவராகப் பார்த்துக்கொள்ளுங்கள், சூட்டில் பசை விட்டுவிடும். அவள் வேலை எடுப்பது, வாசிப்பது, மாட்டுவது, அவ்வளவுதான். நேரம் ஐந்து நிமிடம். காலையில் பல் தேய்த்ததும், பள்ளிக்கூடப் பையை எடுப்பதற்கு முன்னால். "ஆறு மணிக்கு" என்று சொன்னபோது ஒரு நாளும் நடக்கவில்லை, "பல் தேய்த்ததும்" என்று மாற்றியபின் முக்கால்வாசி நாள் நடக்கிறது. அந்த வயதுக்குக் கடிகாரம் ஒரு பொருட்டே இல்லை, எதற்குப் பின் எது என்பது மட்டும் நன்றாகப் புரிகிறது.

ஆக இருபதை அடித்துவிட்டு ஐந்து என்று படியுங்கள்.

மார்ச் 9
"ஐந்து நிமிடத்தில் என்ன கிழித்துவிட முடியும்" என்று கேட்டவருக்கு.

நிறைய முடியும், ஒரே ஒரு விஷயத்தை எடுத்தால். நாம் சாதகம் (பயிற்சி) என்று சொல்வதும் பிள்ளை புரிந்துகொள்வதும் வேறு வேறு. பிள்ளையைப் பொறுத்தவரை வாசிப்பது என்றால் மேலிருந்து கீழே வரைக்கும் ஓடிவிட்டு வயலினை வைப்பது. தெரிந்த இடத்தில் வேகம், தெரியாத இடத்தில் தடுக்கி விழுவது, உடனே மறுபடி முதலிலிருந்து. இப்படி ஒரு வாரம் போனால் முதல் வரியை நாற்பது தரம் வாசித்திருக்கும், கடைசி வரியை நாலு தரம். அப்புறம் "பாட்டின் கடைசி எப்போதும் சொதப்புகிறான்" என்று என்னிடம் வந்து சொல்கிறார்கள். சொதப்பாமல் என்ன செய்வான்?

எங்கள் வகுப்பில் பாதி நாள் கடைசி வரியில்தான் ஆரம்பிப்போம். பிறகு அதற்கு முந்தைய வரி, அதோடு கடைசி வரி. போகப் போகத் தெரிந்த இடத்துக்கு வந்து சேருகிறோம் என்பதால் பிள்ளைக்குப் பயம் குறைகிறது. பெரியவர்களும் செய்து பாருங்கள், ஆச்சரியமாக இருக்கும்.

இன்னும் குறுக்கினால், தடுக்குகிற இடம் பெரும்பாலும் இரண்டே இரண்டு ஸ்வரம்தான். மாயாமாளவகௌளை ராகத்தில், ஆரம்பப் பாடமான சரளி வரிசை வாசிக்கிற பிள்ளையின் கையைக் கிட்டப் போய்ப் பாருங்கள். விரல் வைக்காத வெறும் தந்தி ச. ரிஷபம் (ரி) அதற்கு ஒட்டி அடுத்த ஸ்வரஸ்தானமே, அதனால் முதல் விரலைத் தந்தியின் மேல்முனை வரைக்கும் பின்னால் இழுக்க வேண்டும். காந்தாரத்துக்கு (க) இரண்டாவது விரல் எங்கோ தள்ளிப் போக வேண்டும். மத்தியமத்துக்கு (ம) மூன்றாவது விரல் இரண்டாவதை உரசிக்கொண்டு உட்கார வேண்டும். ஆறு வயதுக் கைக்கு ரி-க இடைவெளி ஒரு வாய்க்காலைத் தாண்டுகிற மாதிரி. விரல்களுக்குச் சம இடைவெளியில் உட்காரத்தான் ஆசை, விட்டால் ரி ஏறிவிடும், க இறங்கிவிடும். பாடும்போது அந்த ராகம் நல்ல ஆரம்பம்தான், புரந்தரதாசர் வகுத்த வழி என்று காலங்காலமாக வந்துகொண்டிருப்பதில் காரணம் இருக்கிறது: ச-ரி-க-ம எப்படியோ ப-த-நி-ச அப்படியே, பாதியைக் கற்றால் முழுதும் வந்துவிடும். ஆனால் குட்டி விரலுக்கு அது குட்டிப் பாடம் இல்லை. அதனால் அந்த ஐந்து நிமிடமும் ரி-க, ரி-க, ரி-க. வேறு எதுவும் வேண்டாம். அழகாக முடிந்தால் கடைசியில் அவனுக்குப் பிடித்த எதையாவது கன்னாபின்னாவென்று வாசித்துக்கொள்ளட்டும், அதைத் திருத்தக் கூடாது.

மார்ச் 10
ஒரு எச்சரிக்கை. பத்து நாணயத்தை இடப்பக்கம் அடுக்கி, சரியாக வாசித்தால் ஒன்றை வலப்பக்கம் நகர்த்துவது, தப்பானால் எல்லாம் மறுபடி இடப்பக்கம் என்று ஒரு விளையாட்டு உலகம் முழுக்க நடக்கிறது. நானும் நடத்தினேன். ஒன்பதாவதில் தப்பாகி, நகர்ந்த எட்டும் திரும்பிப் போனதைப் பார்த்து ஒரு பெண் அழவே இல்லை, வில்லைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா நின்றாள். அந்த நிற்பு இன்னும் கண்ணில் இருக்கிறது. இப்போது என் வகுப்பில் நாணயம் ஒரு பக்கம் போனால் போனதுதான், தப்புக்கு நகராது, அவ்வளவே. பத்தும் வேண்டாம், ஐந்து போதும்.

பகடை உருட்டுவது இன்னும் மேல். நான்கு விழுந்தால் நாலு தரம். "இன்னும் ஒரு தடவை" என்று நான் சொன்னால் கொடுமை, பகடை சொன்னால் விதி.

மார்ச் 14
குரூப் கிளாஸை நான் ஒரேயடியாகத் தூக்கிப் பிடிக்கிறேன் என்று இருவர் எழுதியிருக்கிறார்கள். சரி, அதன் அழுக்கையும் சொல்கிறேன்.

முதன்முதலில் வேலை பார்த்த இடத்தில் ஒரு மணி நேரத்துக்குப் பதினெட்டுப் பிள்ளைகள். முன்வரிசையில் நாலு பேர் வாசிப்பார்கள், மற்றவர்கள் வில்லை ஆட்டுவார்கள். வெளியிலிருந்து பார்க்க ஜோராக இருக்கும். ஒரு பெண் ஏழு மாதம் வில்லைத் தந்திக்கு ஒரு நூல் மேலே காற்றில் இழுத்துக்கொண்டிருந்திருக்கிறாள், சத்தமே இல்லாமல், வில் போகிற திசை மட்டும் அச்சு அசலாகச் சரி. ஏழு மாதம் நான் கவனிக்கவில்லை. நிர்வாகத்தின் பேராசை என்று அப்போது திட்டினேன், பாதி உண்மை அது. மீதிப் பாதி, நான் காதை முன்வரிசைக்கு மட்டும் கொடுத்திருந்தேன்.

கூட்டத்தில் ஒளிந்துகொள்ளலாம், அதுதான் அதன் பெரிய ஓட்டை. அடைக்க ஒரே வழி, சுற்று. ஆளுக்கு ஒரு வரி, சில நாள் ஆளுக்கு ஒரு ஸ்வரம், தாளம் அறுபடாமல் வட்டமாக ஓட வேண்டும். தன் முறை வரும்வரை மற்றவர்கள் ஆதி தாளம் போடுவார்கள். தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. கையும் காதும் வேலையில் இருக்கும்போது சும்மா காத்திருக்கிற பிள்ளை என்று யாரும் இல்லை. எட்டுப் பேர் வரைக்கும் இது ஓடும். பத்தைத் தாண்டினால் ஒருத்தர் முறை வருவதற்குள் இன்னொருத்தர் தரையில் படுத்திருப்பார். உங்கள் பையன் வகுப்பில் எட்டுப் பேர் என்றீர்கள், நல்லது. வாரம் ஒரு தடவையாவது அவன் மட்டும் தனியாக வாசிப்பது டீச்சர் காதில் விழுகிறதா என்று மட்டும் கேளுங்கள்.

இன்னொரு திருத்தமும் இருக்கிறது. மார்ச் 3 அன்று சுசுகி கூட்ட வகுப்பை வைத்தே எல்லாம் செய்தார் என்கிற மாதிரி எழுதிவிட்டேன். அவசரத்தில் வந்தது. ஷினிச்சி சுசுகி (1898–1998) வகுத்த முறையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப்பாடம் உண்டு, அதோடுதான் கூட்ட வகுப்பு. தனிப்பாடத்தில் பெற்றோரும் கூடவே உட்கார வேண்டும். அதற்கும் முன்னால் அம்மாவோ அப்பாவோ வயலினில் ஆரம்பப் பாடத்தைத் தாங்களே கற்க வேண்டும். பிள்ளை பார்த்துப் பார்த்து, "எனக்கும் கொடு" என்று பிடுங்குகிற வரைக்கும் காத்திருப்பார்கள். தாய்மொழியைப் பிள்ளை எப்படிக் கேட்டுக் கேட்டுப் பிடிக்கிறதோ அப்படி என்பது அவர் கணக்கு.

இதைப் படித்துவிட்டு உங்கள் கணவரிடம் வயலினைக் கொடுத்துப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. நிஜமாகத்தான் சொல்கிறேன்.

மார்ச் 15
தாளத்துக்கு டிக் டிக் என்று அடிக்கும் மெட்ரோனோம் கருவி வாங்கலாமா என்று கேட்டவருக்கு: ஆறு வயதில் வேண்டாம். பிள்ளை அதைக் கேட்காது, அதோடு போட்டி போடும்.

மார்ச் 21
இழை எங்கெங்கோ போய்விட்டது. சங்கீதம் கற்றால் கணக்கு நன்றாக வரும், மூளை வளரும் என்று மூன்று பேர் எழுதியாயிற்று. அந்த நம்பிக்கைக்குப் பெரிய அளவில் எண்ணெய் ஊற்றியது 1993-இல் நேச்சர் அறிவியல் இதழில் வந்த ஒரு சின்ன ஆய்வு. அதில் பங்கேற்றவர்கள் கல்லூரி மாணவர்கள், 36 பேர். மொசார்ட்டின் இசையைப் பத்து நிமிடம் கேட்டுவிட்டு, காகிதத்தை மடித்து வெட்டினால் என்ன வடிவம் வரும் என்கிற மாதிரிக் கேள்விகளுக்குக் கொஞ்சம் நன்றாகப் பதில் சொன்னார்கள். அந்தப் பலன் கால் மணி நேரம்கூடத் தாண்டவில்லை. கவனியுங்கள், அவர்கள் கேட்டார்கள், கற்கவில்லை. பிள்ளைகளும் இல்லை. இதிலிருந்து தொட்டில் குழந்தைக்குக் குறுந்தகடு வாங்குகிற இடத்துக்கு ஜனங்கள் எப்படிப் போனார்கள் என்பது தனிக் கதை.

அதே 1993-இல்தான் உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சனும் கூட்டாளிகளும் பெர்லினில் வயலின் மாணவர்களை ஆராய்ந்து எழுதினார்கள். மிகச் சிறந்த குழுவில் இருந்தவர்கள் இருபது வயதுக்குள் சராசரியாகப் பத்தாயிரம் மணி நேரம் தனியாகப் பயிற்சி செய்திருந்தார்கள். பின்னால் அது "பத்தாயிரம் மணி நேரம் செய்தால் யாரும் மேதை" என்று உருமாறியது. எரிக்சனே அதை ஒப்புக்கொள்ளவில்லை. எத்தனை மணி என்பதோடு எப்படி என்பதும்தான் அவர் சொன்னது: குறியை வைத்து, தப்பைத் தேடி, அதை மட்டும் சரி செய்வது. மேலே எழுதிய ரி-க, ரி-க ஞாபகம் வருகிறதா?

மார்ச் 22
ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தேன். தினம் ஐந்து நிமிடம் என்றால் பத்தாயிரம் மணி நேரத்துக்கு 328 வருடம் ஆகும். அவசரம் ஒன்றும் இல்லை.

மார்ச் 30
வயலினை விட்டுப் பாட்டுக்கு வருகிறேன், ஒரு அப்பா எழுதியதால். ஐந்து வயதுப் பெண்ணுக்குச் "சுருதி சேரவில்லை, பாட்டு வராது" என்று டீச்சர் சொல்லிவிட்டாராம்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் இதே வாக்கியத்தை நான் ஒரு அம்மாவிடம் சொன்னேன். அப்போது பாட்டு வகுப்பும் எடுத்துக்கொண்டிருந்தேன். என் குரல் தாழ்ந்த குரல், சுருதிப்பெட்டியை எனக்குச் சௌகரியமான இடத்தில், ஒன்றரைக் கட்டையில் (கட்டை எண் ஏற ஏறச் சுருதி உயரும்) வைத்துப் பாடுவேன். பிள்ளைகள் அந்த ஷட்ஜத்தை (ச) எட்டவே முடியாமல் தொண்டைக்குள் உறுமுவார்கள், அதற்கும் கீழே மந்திர ஸ்தாயி வந்தால் வெறும் காற்று. ஒரு நாள் சுருதிப்பெட்டி ரிப்பேராகி, யாரோ இரவல் கொடுத்தது ஐந்து கட்டையில் நின்றது. எனக்குத் தொண்டை கிழிந்தது. அந்தப் பெண் மட்டும் நிமிர்ந்து பார்த்துவிட்டு "ச" என்றாள், ஊசி குத்தின மாதிரி நேராக. பாட்டு வராத பிள்ளை அவள் இல்லை, கீழே வைத்துவிட்டவள் நான்தான். அதற்குள் அவள் அம்மா நடனத்தில் சேர்க்க முடிவு செய்திருந்தார், பேசிப் பார்த்தேன், நடக்கவில்லை.

ஆண் ஆசிரியராக இருந்தால் இன்னொரு சிக்கல், அவர் பாடுவது பிள்ளையின் குரலுக்கு ஒரு ஸ்தாயி கீழே கேட்கும். சில பிள்ளைகள் தானாக மேலே மாற்றிக்கொள்ளும், சில பிள்ளைகள் அவரோடு பாதாளத்துக்கு இறங்கப் பார்க்கும். பக்கத்தில் சரியாகப் பாடுகிற இன்னொரு பிள்ளையை நிறுத்தினால் பிரச்சினை பாதி தீர்ந்தது. கூட்ட வகுப்பு அதற்கும் உதவும். அந்த அப்பா முதலில் சுருதியை ஏற்றிப் பார்க்கட்டும், தீர்ப்பு அப்புறம்.

ஏப்ரல் 6
வகுப்பில் நான் திருடி வைத்திருக்கும் சாமான்களைக் கேட்டிருந்தீர்கள். ஹங்கேரியின் இசையமைப்பாளர் சோல்தான் கோடாய் (1882–1967) வழியில் வருகிறவர்கள் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு கை அடையாளம் வைத்திருக்கிறார்கள், இடுப்பு உயரத்தில் ஆரம்பித்துத் தலை வரைக்கும் ஏறும். அதன் வேர் பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில். நான் அடையாளத்தை விட்டுவிட்டு உயரத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்: ச இடுப்பில், ப தோளில், மேல் ச தலையில். சுருதி இறங்கினால் வாயைத் திறக்காமல் கையைக் கொஞ்சம் தூக்குவேன், மொத்தக் கூட்டமும் ஏறிவிடும்.

ஜெர்மன் இசையமைப்பாளர் கார்ல் ஓர்ஃப் வழியில் பிள்ளைகளுக்கென்று செய்த சைலபோனில் (கட்டைகளைத் தட்டி வாசிக்கும் கருவி) கட்டைகளைக் கழற்றி வைத்துவிடலாம். தேவையான ஐந்து கட்டையை மட்டும் விட்டால் எதைத் தட்டினாலும் தப்பே வராது. வயலினில் அப்படிக் கழற்ற ஒன்றும் இல்லையே என்று எனக்குக் கொஞ்சம் பொறாமை. டால்க்ரோஸ் என்ற இசை ஆசிரியரின் முறையில் தாளத்தைக் காலில் நடப்பார்கள். முதல் காலம் (வேகம்) ஒரு தட்டுக்கு ஒரு அடி, இரண்டாம் காலம் இரண்டு அடி. மூன்றாம் காலத்துக்கு நாலு அடி என்று சொல்லிவிட்டேன், இரண்டு பேர் மோதிக்கொண்டார்கள், ஒருவனுக்குப் பல் ஆட்டம். ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த பல்தான் என்று அவன் அம்மா பெருந்தன்மையாகச் சொன்னார்.

ஏப்ரல் 12
கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். சுவரில் கொக்கி அடித்தாயிற்று. தினமும் இல்லை, வாரத்தில் நாலு நாள் எடுக்கிறானாம். நேற்று அறைக்குள் எட்டிப் பார்த்தால் ஆறு பொம்மைகளை வரிசையாக உட்கார வைத்து குரூப் கிளாஸ் நடத்திக்கொண்டிருந்தானாம். யானைப் பொம்மையிடம், "எத்தனை தடவை சொல்றது உனக்கு? வெளையாட்டா போச்சா?" என்றானாம். "அது டீச்சர் குரல் இல்லை, என் குரல்" என்று எழுதியிருக்கிறார்.

இதைப் படித்துவிட்டுச் சிரித்தேன், பிறகு சிரிப்பு நின்றது. என் மகள் போன வருடம் என்னிடம் கேட்டாள், "நீ இப்ப அம்மாவா டீச்சரா? டீச்சர்னா வெளிய போ." அதிலிருந்து அந்த ஐந்து நிமிடமும் நான் பக்கத்தில் உட்கார்ந்து துணி மடிக்கிறேன். காது பூரா அவள் விரலில்தான் இருக்கிறது, வாய் திறப்பதில்லை. சுருதி விலகும்போது துணியைக் கொஞ்சம் வேகமாக உதறுகிறேன் என்று அவள் கண்டுபிடித்துவிட்டாள். அதையும் நிறுத்த முயற்சி செய்துகொண்டிருக்கிறேன்.

ஏப்ரல் 13
பரிசு ஸ்டிக்கர் பற்றி யாரோ கேட்டதை மறந்துவிட்டேன். கொடுத்தேன், மூன்று மாதத்தில் நிறுத்திவிட்டேன். வாசிப்பதை விட்டுவிட்டு ஸ்டிக்கரை எண்ண ஆரம்பித்தார்கள். வீட்டில் உங்களுக்கு அது வேலை செய்தால் செய்யுங்கள், நான் சண்டைக்கு வரவில்லை.

ஏப்ரல் 27
அரைக்கால் சைஸ் வயலின் சிறிதாகிவிட்டது என்று டீச்சர் சொல்கிறார், கால் சைஸ் வாங்கலாமா என்று கேட்கிறீர்கள். (1/8-ஐ அரைக்கால் என்று சொல்கிறோமே, அதற்கும் கீழே இருக்கும் 1/16 சைஸை மாகாணி வயலின் என்று சொல்ல எனக்கு வெகு நாளாக ஆசை. ஒருவரும் சேர்ந்துகொள்ள மாட்டேன் என்கிறார்கள்.)

வயதை வைத்து வாங்காதீர்கள். வயலினைத் தோளில் வைத்து, இடது கையைக் கழுத்துப் பட்டையின் கீழே நீட்டச் சொல்லுங்கள். நுனியில் சுருண்டிருக்கும் தலைப்பகுதி உள்ளங்கைக்குள் உட்கார வேண்டும், அப்போதும் முழங்கை லேசாக மடங்கியிருக்க வேண்டும். கை விறைத்து நீண்டால் பெரிய சைஸ், இன்னும் ஆறு மாதம் பொறுங்கள். "வளர்ந்துவிடுவான்" என்று சட்டை வாங்குகிற மாதிரி வாங்கினால் அந்த ரி-க இடைவெளி வாய்க்காலிலிருந்து ஆறாகிவிடும்.

புது சைஸில் முதல் இரண்டு மூன்று வாரம் எல்லா ஸ்வரமும் தாழ்ந்தே விழும், விரல்களுக்குப் பழைய தூரம்தான் தெரியும். அந்த நாட்களில் நீங்களும் துணி மடியுங்கள். பழைய வயலினை உடனே யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள், யானைக்கு வேண்டும் என்று கேட்பான்.